கார்டு போட்டிகளில் தாமத வருகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் கார்டு போட்டிகளில் நடுவராக நிற்கும்போதும், போட்டி நடத்தப் புதிதாக முன்வருபவர்களோடு பேசும்போதும் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். விதி என்று சொல்லும் இடங்களில் மேஜிக்: தி கேதரிங் ஆட்டத்தின் போட்டி விதிகளையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறேன், தாமதத்தைப் பற்றி அவற்றில் விரிவாக எழுதியிருப்பதால், வேறு கார்டு ஆட்டங்களை நடத்துபவர்களும் அவற்றைப் பார்த்துத் தங்கள் விதியை வகுத்துக்கொள்ளலாம். பிரிட்ஜ் என்ற சீட்டாட்டத்துக்குத் தனியாக ஒரு கேள்வி உண்டு. காசு வைத்து ஆடும் சீட்டைப் பற்றி இங்கே எதுவும் இல்லை.

புதியவர்களுக்காக ஒரு விளக்கம்: ஒரு சுற்றில் ஒருவருக்கு ஒரு மேட்ச். மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்பவர் அந்த மேட்ச்சை வெல்கிறார். சுற்றுக்கு வழக்கமான நேரம் 50 நிமிடம்.

எப்ப இருந்துங்க லேட்டுன்னு கணக்கு? மண்டபத்துக்குள்ள வந்துட்டாப் போதாதுங்களா?

போதாது. சுற்று தொடங்கியதாக நடுவர் அறிவித்து மண்டபத்தின் கடிகாரம் ஓடத் தொடங்கும் நொடியில், உங்கள் பெயருக்கு எதிரே போட்டிருக்கும் மேசையில், டெக்கோடு (நீங்கள் ஆடும் கார்டுக்கட்டோடு) நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பவரும், சுவரில் ஒட்டிய பட்டியலில் பெயர் தேடிக்கொண்டிருப்பவரும், இன்னும் சூலூரைத் தாண்டாத பேருந்தில் இருப்பவரும் கணக்குக்கு ஒன்றுதான். மேசை எண்ணைத் தவறாகப் பார்த்து வேறு ஒருவரோடு ஆடத் தொடங்கிவிட்டவரையும் விதி தாமதமாக வந்தவராகவே கருதுகிறது, ஏனென்றால் அவருடைய உண்மையான எதிராளி அந்த நேரம் முழுவதும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அஞ்சு நிமிசம் லேட்டானதுக்கு ஒரு ஆட்டமே போயிருமாங்க?

தீவிரப் போட்டி என்று அறிவித்து நடத்தும் நிகழ்ச்சிகளில் போய்விடும். சுற்று தொடங்கியபோது இருக்கையில் இல்லாதவருக்கு ஓர் ஆட்டம் தோல்வியாகப் பதிவாகும். அவர் வந்து உட்கார்ந்ததும் 0–1 என்ற நிலையிலிருந்து மேட்ச் தொடங்கும். பத்து நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் மேட்ச்சே தோல்வி.

கடைகளில் வார நாள் மாலையில் பத்துப் பதினைந்து பேர் கூடி ஆடும் நட்புப் போட்டிகளுக்கு இந்தக் கண்டிப்பு தேவையில்லை என்பது என் கருத்து. ஐந்து நிமிடம் வரை தண்டனை இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை முன்கூட்டியே எழுதி அறிவித்திருக்க வேண்டும். சதுரங்கத்திலும் இதே நெறிதான்: எவ்வளவு நேரம் தாமதித்தால் ஆட்டம் போகும் என்பதைப் போட்டி விதிகள் முன்னதாகவே குறிப்பிட வேண்டும் என்று சர்வதேசச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் சட்டம் சொல்கிறது. அளவு எதுவாக இருந்தாலும் சரி, ஒருவர் ஓடி வந்து மூச்சு வாங்க நிற்கும்போது அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த அளவை முடிவு செய்யக் கூடாது.

பத்து நிமிசத்துக்கு மேல ஆயிருச்சுன்னா ஊட்டுக்குப் போயிர வேண்டியதுதானா?

இல்லை. அந்தச் சுற்று முடிவதற்குள் தலைமை நடுவரிடமோ முடிவுகளைப் பதிவு செய்பவரிடமோ நேரில் வந்து "நான் வந்துவிட்டேன், தொடர்ந்து ஆடுகிறேன்" என்று சொன்னால் அடுத்த சுற்றிலிருந்து ஆடலாம். சொல்லாதவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார். இதைச் சிலர் கூடுதல் தண்டனை என்று நினைக்கிறார்கள். வந்தாரா வரவில்லையா என்றே தெரியாத ஒருவரைப் பட்டியலில் வைத்திருந்தால், அடுத்த சுற்றிலும் யாரோ ஒருவர் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார நேரும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

பஸ்ஸு லேட்டுங்க. அதுக்கு நான் என்னங்க பண்ணுறது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்களில் பெரும்பாலோர் உண்மையைத்தான் சொல்கிறார்கள். கோபிசெட்டிபாளையத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பியவர் வழியில் நின்றுபோன வண்டிக்குப் பொறுப்பாளி இல்லை. ஆனாலும் நடுவர் காரணம் கேட்டுத் தண்டனையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். காரணத்தைச் சரிபார்க்க நடுவரிடம் எந்த வழியும் இல்லை. சரிபார்க்க முடியாததை எடைபோடத் தொடங்கினால், நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கும் நடுவருக்குப் பழக்கமானவருக்கும் சலுகை போகும்; கூச்சத்தில் வாய் திறக்காமல் நிற்கும் புதியவருக்குத் தண்டனை போகும். தவிரவும், காரணம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் எதிரே காத்திருந்தவர் இழந்த நிமிடங்கள் அதனால் திரும்பி வருவதில்லை. அவரும் ஒரு பேருந்தைப் பிடித்துத்தான் வந்திருக்கிறார்.

அப்படியானால் இரக்கத்துக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. அதற்குரிய இடம் கால அட்டவணை. போட்டி அன்று காலை நடுவரின் மேசை அல்ல. எங்கள் பகுதியில் போட்டி நடத்துபவர் நாள் குறிக்கும்போதே சிலவற்றைப் பார்க்க வேண்டும். முகூர்த்த நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்துவிட்டால் பேருந்திலும் சாலையிலும் கூட்டம் நெரியும். தைப்பூசத்தை ஒட்டிய நாட்களில் பழனி பாதயாத்திரைக் கூட்டத்தால் தாராபுரம், உடுமலை வழிகளில் வண்டிகள் மெதுவாகத்தான் நகரும். பங்குனியில் பண்ணாரி குண்டத்தின்போது சத்தியமங்கலம் வழியும் அப்படித்தான். திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்குச் சனிக்கிழமை சம்பள நாள். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு வீடு திரும்பியவரை ஞாயிறு காலை எட்டு மணிக்குக் கோவையில் எதிர்பார்ப்பது அவரை வர வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம்.

இடத்தைத் தேர்வதிலும் இதே கவனம் வேண்டும். பொள்ளாச்சியிலிருந்து வருபவர் உக்கடத்தில் இறங்குவார். மேட்டுப்பாளையத்துக்காரர் சாய்பாபா காலனி பக்கத்துப் பேருந்து நிலையத்தில் இறங்குவார். ஈரோடு, திருப்பூர்ப் பேருந்துகள் காந்திபுரம் வரும். ரயிலில் வருபவர் ஜங்ஷனில் இறங்குவார். இவர்கள் எல்லோரும் இறங்கிய பிறகு இன்னொரு டவுன் பஸ் பிடிக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டுத் தொடக்க நேரத்தை வைத்தால், முதல் சுற்றில் தாமதமாகிறவர்கள் எப்போதும் வெளியூர்க்காரர்களாகவே இருப்பார்கள். பதிவு ஒன்பதரைக்கு முடியும், முதல் சுற்று பத்தேகாலுக்குத் தொடங்கும் என்று முக்கால் மணி நேர இடைவெளி விட்டால், கடைசி நேரக் குழப்பங்களில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். இவ்வளவு இடம் கொடுத்த பிறகு கடிகாரத்தைக் கண்டிப்பாகப் பார்ப்பதில் யாருக்கும் அநியாயம் இல்லை.

வந்துட்டே இருக்கேன், அவினாசி தாண்டிட்டேன்னு போன் பண்ணிச் சொன்னா, ஆரம்பிக்காம புடிச்சு வைப்பீங்களா?

தொடக்கத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. ஒருவருக்காக மண்டபம் முழுவதும் காத்திருப்பது நேரத்துக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் விதிக்கும் அபராதம். கடைசிச் சுற்று முடிந்து ஊருக்குப் போகும் பேருந்தைத் தவறவிடுபவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் போன் செய்வது வீண் இல்லை. கட்டாயம் செய்யுங்கள். முதல் சுற்றில் யார் யாரோடு மோதுவது என்ற ஜோடிப் பட்டியல் தயாராவதற்கு முன்பே "நான் இந்தச் சுற்றுக்கு வர முடியாது" என்று தெரிந்துவிட்டால், உங்கள் பெயரை அந்தச் சுற்றில் சேர்க்காமல் விடலாம். உங்களுக்கு எதிரே ஒருவர் சும்மா உட்கார வேண்டியதில்லை. அவினாசியைத் தாண்டியவர் காந்திபுரம் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். ஆகவே, எத்தனை மணிக்கு உட்கார முடியும் என்பதை உள்ளபடி சொல்லுங்கள்.

மொத ரவுண்டு நடந்துட்டு இருக்கு. இப்ப பேர் குடுத்துச் சேர முடியுமாங்க?

தலைமை நடுவரும் போட்டி நடத்துபவரும் ஒப்புக்கொண்டால் சேரலாம். தவறிய ஒவ்வொரு சுற்றும் மேட்ச் தோல்வியாகப் பதிவாகும். நாக் அவுட் முறையில் இதற்கு வாய்ப்பே இல்லை. சுவிஸ் முறையில் உண்டு, ஏனென்றால் அதில் தோற்றவர் வெளியேறுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்கள் மோதுகிறார்கள். 1895-இல் சூரிக் நகரில் நடந்த சதுரங்கப் போட்டியிலிருந்து வந்த முறை இது.

ஒப்புக்கொள்வதா வேண்டாமா என்பதை ஆளுக்கு ஆள் மாற்ற வேண்டாம். "இரண்டாம் சுற்றின் ஜோடிப் பட்டியல் வரும் வரை சேரலாம், அதற்கு மேல் இல்லை" என்று எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

மொத ரவுண்டு தோத்தா அடுத்து லேசான ஆளுங்களாத்தானுங்க வருவாங்க? அப்ப லேட்டா வர்றதே லாபம் ஆயிராதா?

நல்ல கேள்வி, கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது. 32 பேர், 5 சுற்று, சமன் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முடிவில் ஐந்தும் வென்றவர் 1, நான்கு வென்றவர்கள் 5, மூன்று வென்றவர்கள் 10, இரண்டு வென்றவர்கள் 10, ஒன்று வென்றவர்கள் 5, எதையும் வெல்லாதவர் 1. முதல் எட்டுப் பேர் அடுத்த கட்டத்துக்குப் போவதானால், நான்கோ ஐந்தோ வென்ற ஆறு பேர் நேராகப் போவார்கள். மீதி இரண்டு இடத்துக்கு மூன்று வெற்றி பெற்ற பத்துப் பேர் போட்டியிடுவார்கள்.

முதல் சுற்றைத் தாமதத்தால் இழந்தவர் மற்ற நான்கையும் வென்றுவிட்டால் எட்டுக்குள் வந்துவிடுவார் என்பது உண்மை. ஆனால் அவர் இனி ஒன்றைக்கூடத் தோற்க முடியாது. தோற்றால் அந்தப் பத்துப் பேரில் ஒருவராகிவிடுவார். அங்கே சமப்புள்ளியைப் பிரிக்கும் முதல் அளவுகோல் எதிராளிகளின் வெற்றி விகிதம். கேட்டவர் சொன்ன அதே "லேசான ஆளுங்க" இப்போது அவருக்கு எதிராகத் திரும்புவார்கள்: தோற்றுக்கொண்டிருந்தவர்களோடு ஆடியதால் அவருடைய விகிதம் தாழ்ந்திருக்கும். முதல் மூன்று சுற்றுகளையும் வென்று, வென்றவர்களோடு மோதிக் கடைசி இரண்டில் தோற்றவரின் விகிதம் உயர்ந்திருக்கும். ஆக, வேண்டுமென்றே தாமதமாக வருவது லாபம் இல்லை. நேரத்துக்கு வந்து முதல் சுற்றில் விளையாடித் தோற்றவருக்கும் ஏறக்குறைய இதே நிலைதான் என்பதால், அவரைவிடத் தாமதக்காரர் மேலே போய்விட்டார் என்றும் சொல்ல முடியாது.

எதிர்ல இருக்கறவரே "பரவால்லைங்க, ஆடலாம்"னு சொல்லிட்டா உங்களுக்கு என்னங்க?

இந்தக் காட்சி அடிக்கடி நடக்கும். நான்கு நிமிடம் கழித்து ஒருவர் தோளில் பையோடு ஓடி வந்து மேசையைத் தேடி நிற்பார். எதிரே இருப்பவர் டெக்கைக் கலைத்து அடுக்கி வைத்து, புள்ளி குறிக்கும் தாளில் இரண்டு பக்கமும் 20 என்று எழுதி, பேனாவை அதன் மேல் குறுக்காக வைத்திருப்பார். வந்தவர் "சாரிங்க்ணா" என்பார். உட்கார்ந்திருப்பவர் நிமிர்ந்து நடுவரைப் பார்த்து, "விடுங்க சார், எனக்கொண்ணும் இல்லை" என்பார். அவருடைய பெருந்தன்மையை நான் மதிக்கிறேன். ஆனாலும் தண்டனை நிற்கும். எதிராளி சார்பில் தண்டனையைத் தள்ளுபடி செய்யும் உரிமை விதிப்படி ஆட்டக்காரருக்கு இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த வலுவான காரணம் இதுதான். அந்த உரிமை இருந்தால், ஒவ்வொரு முறையும் நேரத்துக்கு வந்தவர்தான் சங்கடத்தில் மாட்டுவார். ஒரே கல்லூரி, ஒரே ஊர், ஒரே வண்டியில் திரும்பிப் போக வேண்டியவர்கள் என்றால், "விடமாட்டேன்" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? விட்டுக்கொடுக்காதவருக்குக் கெட்ட பெயர் வரும். தண்டனையை நடுவர் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும்போது நேரத்துக்கு வந்தவர் அந்தச் சுமையிலிருந்து விடுபடுகிறார். இன்னொன்று, அந்த ஓர் ஆட்டத்தின் முடிவு அந்த இருவரை மட்டும் பாதிப்பதில்லை. மேலே சொன்ன எட்டு இடக் கணக்கில் வேறு மேசையில் இருப்பவரையும் பாதிக்கும்.

மேட்ச்சை விட்டுக்கொடுப்பது வேறு விஷயம். எந்த ஆட்டக்காரரும் தன் மேட்ச்சை எதிராளிக்கு விட்டுக்கொடுக்கலாம். அது அவர் உரிமை. காசோ பரிசில் பங்கோ பேசி விட்டுக்கொடுத்தால் அது லஞ்சம், அதற்குத் தண்டனை மிகக் கடுமையாக இருக்கும்.

ரெண்டு பேருமே லேட்டா வந்தா என்னங்க பண்ணுவீங்க?

பத்து நிமிடத்துக்குள் இருவரும் வந்துவிட்டால் இருவருக்கும் ஆட்டத் தோல்வி பதிவாகும். ஆனால் ஒரே நேரத்தில் இரு பக்கமும் விழும் ஆட்டத் தோல்விகள் மேட்ச் கணக்கை மாற்றுவதில்லை. 0–0 என்றே தொடங்குவார்கள். இருவரும் பத்து நிமிடத்தைத் தாண்டினால் இருவருக்கும் மேட்ச் தோல்வி.

தப்புப் பண்ணி லேட்டா வந்தவனுக்கே எக்ஸ்ட்ரா டைம் குடுக்கறீங்களே, இது நாயமாங்க?

கூடுதல் நேரம் அவருக்குத் தருவதில்லை. அந்த மேசைக்குத் தருகிறோம். ஒருவர் ஏழு நிமிடம் தாமதமாக வந்தால், 50 நிமிடம் முடிந்த பிறகு அந்த மேசை மட்டும் ஏழு நிமிடம் கூடுதலாக ஆடும். தராவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். 0–1 என்று தொடங்கிய தாமதக்காரர் அடுத்த ஆட்டத்தை வென்று 1–1 ஆக்குகிறார். மூன்றாவது ஆட்டத்தின் நடுவே நேரம் முடிகிறது. வெற்றிக்கு 3 புள்ளி, சமனுக்கு ஆளுக்கு 1 புள்ளி. சரியான நேரத்துக்கு வந்து உட்கார்ந்தவர், தான் செய்யாத தவறால் இரண்டு புள்ளியை இழக்கிறார். கூடுதல் நேரம் முதலில் காப்பாற்றுவது அவரைத்தான்.

தாமதக்காரருக்கும் அதில் பங்கு கிடைக்கிறதே என்றால், கிடைக்கட்டும். அவர் செய்ததற்கு விலையாக ஓர் ஆட்டத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டார். நடுவர் முடிவுச் சீட்டின் மூலையில் "+7" என்று எழுதிக் கையெழுத்திட மறக்கக் கூடாது. எழுதாமல் வாயால் சொன்னதை நேரம் முடியும் தறுவாயில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

ஒரு ஆட்டம் போயிருச்சு, சரி. அடுத்த ஆட்டத்துக்கு சைட்போர்டுல இருந்து கார்டு மாத்திக்கலாமாங்க?

கூடாது. மேட்ச் தொடங்குவதற்கு முன்பே ஆட்டத் தோல்வி விழுந்திருந்தால், முதலில் உண்மையாக ஆடப்படும் ஆட்டத்தில் இருவருமே சைட்போர்டை (ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ள டெக்குக்கு வெளியே வைத்திருக்கும் கார்டுகளை) தொடக் கூடாது. அதற்கு அடுத்த ஆட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

முந்தின ரவுண்டு வெரசா முடிஞ்சுதுன்னு உடனே அடுத்ததை ஆரம்பிச்சுட்டாங்க. நான் சாப்பிடப் போயிருந்தேனுங்க.

இது உங்கள் தவறு அல்ல. எல்லா மேசைகளும் முன்னதாக முடிந்ததால் அடுத்த சுற்றைச் சீக்கிரம் தொடங்கலாம். ஆனால் முந்தைய சுற்றுக்குக் குறித்திருந்த முடிவு நேரம் வரும் வரை தாமதத் தண்டனை யாருக்கும் பொருந்தாது. பன்னிரண்டு மணிக்கு முடிய வேண்டிய சுற்று பதினொன்றே முக்காலுக்கு முடிந்து அடுத்தது தொடங்கியிருந்தால், பன்னிரண்டுக்குள் வந்து உட்கார்ந்தவர் தாமதக்காரர் அல்லர். ஆகவே, சுற்று எப்போது முடியும் என்ற நேரத்தைப் பெரிதாக எழுதி வைப்பது நடத்துபவரின் கடமை. மதிய உணவுக்கு விடும்போது "சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்று சொல்லாமல் "இரண்டு பத்துக்கு இருக்கையில் இருங்கள்" என்று சொல்ல வேண்டும்.

பாத்ரூம் போயிட்டு வர்றதுக்குக்கூட தண்டனையாங்க?

கேட்டுவிட்டுப் போனால் இல்லை. கழிப்பறைக்குப் போவது, தொலைந்த கார்டுக்கு மாற்று தேடுவது போன்ற நியாயமான காரணத்தை நடுவரிடம் சொல்லி அனுமதி பெற்றால் பத்து நிமிடம் வரை தண்டனை கிடையாது; எடுத்துக்கொண்ட நேரம் மேசைக்குத் திருப்பித் தரப்படும். பத்து நிமிடத்தைத் தாண்டினால் மேட்ச் தோல்வி. சொல்லாமல் எழுந்து போனவருக்கு இந்தச் சலுகை இல்லை.

பேருந்துக் காரணத்தை ஏற்காத விதி இதை மட்டும் ஏற்பது முரண்போலத் தோன்றலாம். இங்கே ஆள் மண்டபத்தில் இருக்கிறார், காரணம் கண்ணெதிரே இருக்கிறது, நேரம் எண்ணப்படுகிறது. பேருந்து விஷயத்தில் இந்த மூன்றும் இல்லை.

டெக் லிஸ்ட் எழுதிக் குடுக்க லேட்டாயிருச்சு. ஆளு நேரத்துக்கு வந்துட்டேனுங்களே?

டெக்கில் உள்ள கார்டுகளின் பட்டியலை, குறித்த நேரத்துக்குப் பின் கொடுப்பதும் தாமதமே, தண்டனையும் அதுவே. டெக்கை வீட்டிலோ வண்டியிலோ விட்டுவிட்டு, முதல் பத்து நிமிடத்துக்குள் மாற்று ஏற்பாடு செய்ய முடியாதவருக்கும் அப்படியே. முந்தைய நாள் இரவே எழுதி வைத்துவிடுங்கள்.

நாங்க 31 பேரு. ஒருத்தருக்கு பை விழுந்துச்சு. மூணு நிமிசத்துல முப்பத்தி ரெண்டாவது ஆளு வந்துட்டாரு. அவரையும் பை விழுந்தவரையும் ஆட விட்டாத்தானுங்களே சரி?

ஒற்றைப்படை எண்ணிக்கை இருந்தால் ஒருவர் ஆடாமலேயே வென்றதாகக் கணக்கு வைப்பதை "பை" என்கிறோம். வந்தவரை அவரோடு ஆடவிட்டால் எண்ணிக்கையும் சரியாகும், இருவரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பலர் அப்படிச் செய்வதும் உண்டு.

நான் செய்வதில்லை. கடிகாரம் ஓடத் தொடங்கிய பிறகு பட்டியலில் உள்ள பை அவருடைய வெற்றி. அதைப் பறித்து, தோற்கவும் கூடிய ஒரு மேட்ச்சைக் கொடுப்பது, தாமதமாக வந்தவரின் இழப்பை நேரத்துக்கு வந்தவரின் தலையில் இறக்குவதாகும். தாமதக்காரர் முதல் சுற்றைத் தோல்வியாக ஏற்று இரண்டாம் சுற்றிலிருந்து ஆடட்டும். பட்டியல் ஒட்டப்படவில்லை, அறிவிக்கவும் இல்லை என்றால் மட்டும் மறுபடி ஜோடி சேர்க்கலாம். பை பெற்றவரே ஆட விரும்பினால் ஆடட்டுமே என்பவர்களுக்கு, எதிராளி விட்டுக்கொடுப்பதைப் பற்றி மேலே சொன்ன பதிலே இதற்கும் பொருந்தும்.

டிராஃப்ட்ல லேட்டா வந்தா சேத்துக்குவீங்களா?

டிராஃப்ட்டில் எட்டுப் பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பாக்கெட்டைப் பிரித்து, ஆளுக்கொரு கார்டு எடுத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் தள்ளுவார்கள். முதல் பாக்கெட்டைப் பிரித்து கார்டு கைமாறத் தொடங்கிவிட்டால் நடுவில் ஒருவரைச் சேர்க்க வழி இல்லை. ஆகவே, பிரிப்பதற்கு முன் ஒருமுறை பெயர்களை உரக்கப் படித்துவிட வேண்டும். ஆளாளுக்குத் தரும் பாக்கெட்டுகளைப் பிரித்து அவற்றிலிருந்தே டெக் கட்டும் சீல்டு முறையில் சேரலாம். ஆனால் டெக் கட்ட ஒதுக்கிய 30 நிமிடத்தில் மீதி எவ்வளவு இருக்கிறதோ அதுதான் அவருக்கு.

பிரிட்ஜுல எப்படிங்க? அங்க ஆட்டத் தோல்வின்னு ஒண்ணும் இல்லையே?

2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் இணை இந்தியாவுக்குத் தங்கம் வென்று தந்த ஆட்டம் அது. டூப்ளிகேட் பிரிட்ஜ் சட்டங்களில் 90-ஆவது சட்டம், குறித்த நேரத்துக்குப் பின் வருவதை நடைமுறைத் தண்டனைக்குரிய தவறுகளில் முதலாவதாகவே குறிப்பிடுகிறது. எத்தனை நிமிடத்துக்கு எவ்வளவு புள்ளி குறையும் என்பதை அந்தந்தப் போட்டியின் நிபந்தனைகள் சொல்லும்.

தாமதத்தால் ஒரு போர்டை (ஒரு முறை பகிர்ந்து வைத்த சீட்டுகளை) ஆடவே முடியாமல் போனால், ஜோடிப் போட்டியில் நேரடித் தவறுள்ள ஜோடிக்கு அதிகபட்சம் 40 சதவீதம், ஓரளவு தவறுள்ளவர்களுக்கு 50, தவறே இல்லாத ஜோடிக்குக் குறைந்தது 60 என்று 12-ஆவது சட்டம் வகுத்திருக்கிறது. காத்திருந்தவர் நட்டப்படக் கூடாது என்பதை இவ்வளவு தெளிவாக எண்ணில் எழுதி வைத்த விதியை நான் வேறு கார்டு ஆட்டத்தில் பார்த்ததில்லை. மற்ற ஆட்டங்களுக்கு உள்ளூர் விதி எழுதுபவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

கொழந்தைங்களுக்கும் இதேதானுங்களா? கூட்டிட்டு வர்றது நாங்கதானுங்களே?

தண்டனை அதேதான், ஏனென்றால் எதிரே காத்திருப்பதும் ஒரு குழந்தைதான். சொல்லும் விதம் மாற வேண்டும். பத்து வயதுப் பிள்ளையிடம் நின்றபடி "ஆட்டம் போச்சு" என்று அறிவிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து, இது அவன் செய்த தப்பு இல்லை, இன்னும் இரண்டு ஆட்டம் இருக்கிறது, இரண்டையும் வென்றால் மேட்ச் அவனுடையது என்று விளக்க வேண்டும். வண்டி நிறுத்த இடம் தேடும் பெற்றோர், பிள்ளையை முதலில் வாசலில் இறக்கிவிடட்டும்.

பத்து மணிக்குன்னு சொல்லிட்டு நீங்களே பதினொண்ணுக்குத்தான் ஆரம்பிச்சீங்க. அப்பறம் எங்களுக்கு மட்டும் தண்டனையாங்க?

கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது. மென்பொருள் மக்கர் செய்தது, மண்டபச் சாவி வரவில்லை என்று எத்தனை காரணம் இருந்தாலும், ஆட்டக்காரரின் பேருந்துக் காரணத்தை ஏற்காத நாங்கள் எங்கள் காரணத்தை மட்டும் ஏற்கும்படி கேட்க முடியாது. செய்ய வேண்டியது இதுதான்: தாமதமாகும் என்று தெரிந்தவுடன் புதிய நேரத்தைச் சொல்ல வேண்டும், "இன்னும் கொஞ்ச நேரத்தில்" என்று சொல்லக் கூடாது. தண்டனை உண்மையில் கடிகாரம் ஓடத் தொடங்கிய நேரத்திலிருந்துதான் எண்ணப்படும் என்பதால், எங்கள் தாமதத்துக்குள் வந்து சேர்ந்தவருக்கு எதுவும் விழாது.

இதில் சிக்கலானது பதிவு நேரம். ஒன்பதரைக்குப் பதிவு முடிந்துவிட்டது; ஒன்பது ஐம்பதுக்கு ஒருவர் வருகிறார்; முதல் சுற்றோ பதினொன்றுக்குத்தான். ஜோடிப் பட்டியல் இன்னும் போடவில்லை என்றால் அவரைச் சேர்த்துக்கொள்வதில் யாருக்கும் நட்டம் இல்லை. ஆனால் அவருக்கு முன்பு ஒன்பது நாற்பதுக்கு வந்த இன்னொருவரை "பதிவு முடிந்துவிட்டது" என்று திருப்பி அனுப்பியிருந்தால், முதலில் அவருக்குப் போன் செய்து, வந்து சேரும் அளவுக்கு நேரம் கொடுத்துக் கூப்பிட வேண்டும். அவரால் திரும்பி வர முடியவில்லை என்றால் ஒன்பது ஐம்பதுக்கு வந்தவரையும் சேர்க்கக் கூடாது. இதனால்தான் பதிவு மேசையில் உட்காருபவரிடம், திருப்பி அனுப்புகிறவர்களின் பெயரையும் போன் எண்ணையும் வந்த நேரத்தையும் ஒரு தாளில் குறித்து வைக்கச் சொல்கிறேன்.